கலங்கின தேத்தண்ணியும் கெட்டுப்போன தேத்தண்ணியும்



வெலிமடையில் சின்னதாக ஒரு கூல்பார் வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் கதைத்தார். எல்லப் பக்கம் போகிற வெள்ளைக்காரர்கள் கடையில் இறங்கி "ஐஸ் டீ இருக்கா" என்று கேட்கிறார்களாம். இவர் பக்கெட் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றிலும் நிற்கிற தேயிலை மலையைக் கையால் காட்டிச் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாராம். "எனக்கு வெட்கமாகப் போச்சு நானா. இனி நானே காய்ச்சி வைக்கப் போறேன். காலையில் ஒரு வாளி காய்ச்சினால் எத்தனை நாளைக்கு வைக்கலாம்?" என்று கேட்டார்.

எத்தனை நாளைக்கு என்ற அந்தக் கேள்வியில்தான் நட்டம் ஒளிந்திருக்கிறது. நான் இந்த விஷயத்தில் இரண்டு தடவை அடிபட்டவன். முதல் தடவை நல்ல சாமானைக் கெட்டது என்று நினைத்து ஓடையில் ஊற்றினேன். இரண்டாம் தடவை கெட்ட சாமானை நல்லது என்று நினைத்து மனிதருக்குக் குடிக்கக் கொடுத்தேன். முதலாவதில் போனது காசு. இரண்டாவதில் போனது காசை விடப் பெரியது. இரண்டையும் சொல்கிறேன்.

பதுளை பஸாரில் வாப்பா விட்டுப்போன பலசரக்குக் கடையோடு ஒட்டி, பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு குளிர்பான மேசை போட்டேன். திறப்பு நாளுக்காக முதல் நாள் இரவே இருபது லீற்றர் ஐஸ் டீ தயாரித்தேன். மட்டமான தேயிலை போட மனம் வரவில்லை. தெரிந்த இடத்தில் சொல்லி, ஆகஸ்ட் மாதத்துப் பருவத் தேயிலை வாங்கினேன். நல்ல சாயம், செப்புக்காசு போல நிறம், வீடெல்லாம் வாசம். சுடச்சுடச் சீனி போட்டு, சூடு முழுதும் ஆற முன்னமே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், மழைக்குப் பிறகு பதுளு ஓயா ஓடுமே, அந்த நிறத்தில் நிற்கிறது. பால் ஊற்றிய மாதிரிக் கலங்கல். அடியில் மண் போல ஒரு படிவு. கெட்டுவிட்டது என்று முடிவெடுத்து இருபது லீற்றரையும் ஊற்றிவிட்டேன். திறப்பு நாளில் வந்தவர்களுக்கு வெறும் சோடாதான்.

அடுத்த கிழமை, ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் சாமான் வாங்க வந்தார். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மனிதர் தலையில் கை வைத்தார். "அடடா நானா, அது கெட்டுப்போகல. நல்ல தேயிலைன்னா ஆறும்போது அப்படித்தான் பால் கட்டும். பால் கட்டலேன்னாதான் நாங்க பயப்படுவோம். டேஸ்ட் பண்ற துரைமார் கோப்பை ஆறின பிறகு அதைத்தான் பார்ப்பாங்க" என்றார்.

அன்றைக்கே கடையில் ஒரு கோப்பை சாயம் வடித்து ஆறவைத்துக் காட்டினார். கலங்கியது. அதில் அரைக் கோப்பை கொதிநீர் ஊற்றினார். கண்ணாடி போலத் தெளிந்தது. நான் ஊற்றிய இருபது லீற்றரும் எனக்கு அப்போது கண்ணுக்குள் வந்து நின்றது.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. கொழுந்தை அரைத்துக் காற்றாட விட்டுக் கறுப்புத் தேயிலையாக்கும்போது தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற சத்துக்கள் உருவாகின்றன. தேத்தண்ணியின் பளிச்சென்ற நிறமும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் இவற்றால் வருபவை. சூடாக இருக்கும்வரை இவையும் தேயிலையில் உள்ள கஃபீனும் தண்ணீரில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். ஆறியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சின்னச் சின்னத் துணிக்கைகளாகத் திரளும். அதுதான் நாம் காணும் பால். சாயம் எவ்வளவு கட்டியோ, குளிர் எவ்வளவு திடீரென்று பிடிக்கிறதோ, அவ்வளவுக்குக் கலங்கல் கூடும். நான் செய்தது இரண்டும்: கட்டியான சாயம், திடீர்க் குளிர். போதாததற்கு நல்ல ஊவாத் தேயிலை.

நமது தேயிலையின் அருமை நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வறட்டுக் காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அந்தக் காய்ச்சலில் கொழுந்து மெதுவாக வளர்ந்து, வேறெங்கும் இல்லாத ஒரு வாசத்தைப் பிடிக்கிறது. தோட்டத்து ஆட்கள் பூசும் வின்டர்கிறீன் தைலத்தின் வாசம் லேசாக அதில் அடிக்கும். மெதைல் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. உலகத்தில் இந்த ருசிக்கென்றே ஊவாத் தேயிலையைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

ஐஸ் டீயின் கதையோ வேறு நாட்டில் தொடங்குகிறது. 1904 இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்தப் போன ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்ற வெள்ளைக்காரர் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை நீட்டியிருக்கிறார். வெயிலில் ஒருவரும் சீண்டவில்லை. சாயத்தை ஐஸுக்குள் விட்டுக் கொடுத்ததும் கூட்டம் மொய்த்தது என்பார்கள். கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்ல முடியாது. 1879 இல் வெளிவந்த வேர்ஜீனியாச் சமையல் புத்தகத்திலேயே ஐஸ் டீச் செய்முறை இருக்கிறது. ஆனால் விற்காத சரக்கை வெயிலைப் பார்த்து மாற்றி விற்றாரே, அந்த வியாபாரப் புத்திக்காகத்தான் அவர் பெயர் நிலைத்தது. இன்று அமெரிக்காவில் குடிக்கும் தேநீரில் முக்கால் பங்கு ஐஸ் டீதான்.

அந்தப் பெரிய சந்தைக்குத் தேயிலையை அள்ளிக் கொடுப்பது எந்த நாடு தெரியுமா? ஆர்ஜென்டீனா. ருசியில் நம் தேயிலைக்குப் பக்கத்தில் வரமாட்டாது. ஆனால் குளிரில் கலங்காது, கிளாசுக்குள் தெளிவாக நிற்கும், விலையும் குறைவு. அவ்வளவுதான் அதன் தகுதி. இங்கே ஹப்புத்தளையில் தம்பேதென்னத் தோட்டத்தை 1890 இல் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர், 1991 இலிருந்து பெப்சியோடு கூட்டுச் சேர்ந்து போத்தல் ஐஸ் டீயாக உலகமெல்லாம் விற்கப்படுகிறது. லிப்டன் சீட்டுக்கு ஏறி இறங்குகிற உல்லாசப் பிரயாணிக்கு நாம் பக்கெட் தூளைக் கரைத்துக் கொடுக்கிறோம்.

சரி, என் இரண்டாவது அடிக்கு வருகிறேன்.

டீமேக்கர் ஐயா சொன்ன பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. கலங்கினால் பயமில்லை, அது தரத்தின் அடையாளம் என்று வேலைக்கு நின்ற தம்பிக்கும் சொல்லிவைத்தேன். குழாய் வைத்த பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று வாங்கி மேசையில் வைத்தோம். தேசிக்காய்ச் சாறும் சீனியும் கலந்து காலையில் நிரப்புவோம். மாலையில் மிஞ்சினால் அதற்கு மேலேயே அடுத்த நாள் புதியதை ஊற்றுவோம். ஒரு நீண்ட விடுமுறை வாரத்தில் நல்ல வெயில். சனிக்கிழமைச் சரக்கு திங்கட்கிழமையும் அடியில் கிடந்திருக்கிறது. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து மாதாமாதம் சம்பளக் காசோடு வந்து சாமான் வாங்கும் குடும்பம். வாப்பா காலத்திலிருந்து நமது வாடிக்கை. பிள்ளைகள் இரண்டும் ஆசையாய்க் கேட்டன. காசு வாங்காமல் நான்தான் என் கையால் ஊற்றிக் கொடுத்தேன். கலங்கலாக இருந்தது. தேயிலை தரமானது என்று அந்தத் தகப்பனுக்கு விளக்கமும் சொன்னேன்.

அன்றிரவே இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அல்லாஹ்வின் உதவியால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "தெரிஞ்சா செஞ்சீங்க நானா" என்றார். ஆனால் அடுத்த மாதம் அவர் சாமான் வாங்கியது வேறு கடையில். அவரோடு அந்த லயத்து ஆட்கள் ஏழெட்டுக் குடும்பமும் போய்விட்டது. கடைக்கு வந்து பாத்திரத்தின் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரலில் ஒட்டி இழுபடும் வழுவழுப்பு. மூன்று மாதமாக நாங்கள் அதைக் கழற்றியதே இல்லை.

ஆகவே கலங்கல் இரண்டு வகை. பால் கட்டிய கலங்கலைச் சூடாக்கினால் தெளியும். மணம் தேயிலை மணமாகவே இருக்கும். கெட்ட கலங்கலைச் சூடாக்கினாலும் தெளியாது. வாயில் புளிப்பு ஏறும், மேலே நுரை அல்லது மெல்லிய ஏடு நிற்கும், கரண்டியால் தூக்கினால் நூலாக இழுபடும். நுரைத்துப் புளித்தது என்றால் சீனி நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நொதித்தால் மதுசாரம் உண்டாகும். நம்மவர்களுக்கு அதை வீச இன்னொரு காரணமும் வேண்டுமா? ஆனால் ஒன்று கவனியுங்கள். நோயை உண்டாக்கும் கிருமி இந்த அடையாளம் எதையும் காட்டாமலும் இருக்கலாம். கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பாமல் மணிக்கூட்டை நம்ப வேண்டும் என்பது அதனால்தான்.

சூடான தேத்தண்ணியில் இந்தத் தொல்லை நமக்குத் தெரிவதில்லை. கொதிக்கக் குடித்து முடிந்துவிடுகிறது. காய்ந்த தேயிலையிலும் மண்ணிலிருந்தும் கையிலிருந்தும் வந்த கிருமிகள் இருக்கத்தான் செய்யும். கொதிநீர் அவற்றில் பெரும்பாலானதைக் கொல்லும். அமெரிக்காவில் கண்ணாடிச் சாடியில் தேயிலையும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. வெயிலில் தண்ணீர் 55 பாகையைத் தாண்டாது. கிருமி சாகாது, குளித்து எழும்பும். அங்குள்ள சுகாதார அதிகாரிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைகளில் ஐஸ் டீக் கிருமி பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன கணக்கு இது: குறைந்தது 90 பாகை செல்சியஸ் சூட்டில் 3 முதல் 5 நிமிடம் ஊறவேண்டும், வெளியில் 8 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, பாத்திரமும் குழாயும் தினமும் கழற்றிக் கழுவப்பட வேண்டும். நமது நாட்டு வெயிலுக்கும் ஈக்கும் நான் அந்த எட்டை நாலாக்கிக்கொண்டேன்.

இப்போது நான் செய்யும் முறை. ஒரு லீற்றருக்குச் சொல்கிறேன், பெருக்கிக்கொள்ளுங்கள்.

அரை லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். 10 முதல் 12 கிராம் தேயிலை, அதாவது தட்டையாக நாலைந்து தேக்கரண்டி. அடுப்பை நிறுத்தி, தேயிலையைப் போட்டு மூடி, 4 அல்லது 5 நிமிடம் மட்டும் வையுங்கள். தேயிலையோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். துவர்ப்பும் கசப்பும் அங்கேதான் இறங்கும், பால் கட்டுவதும் கூடும். வடிக்கும்போது துணியை முறுக்கிப் பிழிவது நம்மவர் பழக்கம். பிழியவே வேண்டாம். சீனியைச் சாயம் சூடாக இருக்கையிலேயே போடுங்கள், 50 முதல் 60 கிராம். குளிர்ந்த பிறகு போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும், குடிப்பவர் இன்னும் போடு என்பார்.

அடுத்ததுதான் முக்கியமான இடம். முதலிலேயே கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் அரை லீற்றர் எடுத்து, அதை இந்தச் சாயத்தில் சேருங்கள். ஐஸைக் கொட்டாதீர்கள். சாதாரணத் தண்ணீர் சேர்ந்தால் சூடு ஐம்பத்தைந்துக்குக் கிட்ட இறங்கும். சாயமும் ஐதாகும், பால் கட்ட இடம் குறையும். பிறகு பாத்திரத்தை மூடி, பச்சைத் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கைச்சூட்டுக்குக் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் குளிர்சாதனப் பெட்டி. மெதுவாக ஆற வேண்டும் என்று சொன்னேன் என்பதற்காக இரவு முழுதும் குசினி மேசையில் விட்டுவிடாதீர்கள். அடுப்பிலிருந்து பெட்டிக்குள் போக இரண்டு மணித்தியாலம் போதும். அப்படியும் லேசாகக் கலங்கினால், கிளாசில் ஊற்ற முன் ஒரு லீற்றருக்கு ஒரு சின்னக் கோப்பை கொதிநீர் விட்டுக் கலக்குங்கள். தெளிந்துவிடும்.

தேசிக்காயை ஊற்றிக் கொடுக்கும்போது மட்டும் பிழியுங்கள். புளி பட்டதும் நிறம் வெளிறும், அது இயற்கை. வெளிறியது என்று சாயம் போட்ட தூளைத் தேடிப் போகவேண்டாம். புதினா, இஞ்சி, பழத்துண்டு எல்லாம் அப்படித்தான், கிளாசுக்குள் போகட்டும், சாடிக்குள் வேண்டாம். சாடிக்குள் கிடந்து ஊறும் இலையும் பழமும் தங்களோடு வந்த கிருமியையும் ஊறவிடும். சிலர் துவர்ப்புக் குறைய அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் கறுக்கும், வாசம் செத்துவிடும். நான் போடுவதில்லை.

வீட்டுக்கு மட்டும் என்றால் அடுப்பே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் 12 கிராம் தேயிலையைப் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே எட்டுப் பத்து மணித்தியாலம் வைத்து வடிப்பது. துவர்ப்புக் குறைவு, கலங்கலே இராது. என் மனைவி இப்போது இதைத்தான் செய்கிறார். ஆனால் கொதிநீர் படாததால் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. அன்றன்றே குடித்து முடிக்க வேண்டும். கடைக்கு இது சரிவராது.

எந்தத் தேயிலை? டஸ்ட் வேண்டாம். சாயம் உடனே இறங்கும், தூளும் சேர்ந்து இறங்கும். பீஓபி அல்லது அதை விடப் பெரிய இலைத் தரம் நல்லது. ஆகஸ்ட் மாதத்துத் தேயிலைதான் வேண்டும் என்றும் இல்லை. பருவத் தேயிலையின் விலையைக் கொடுத்து, அதன் வாசத்தை ஐஸுக்குள்ளும் தேசிக்காய்க்குள்ளும் புதைப்பது வியாபாரமாகாது. மற்ற மாதத்து ஊவாத் தேயிலை போதும். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத பையில் வரும் தேயிலையை வாங்காதீர்கள். கழிவுத் தேயிலையில் நிறமும் சீனியும் கலந்து விற்று அகப்படுகிறவர்கள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. ஒரு சின்னச் சோதனை: பச்சைத் தண்ணீர் உள்ள கிளாசில் ஒரு சிட்டிகை போடுங்கள். நல்ல தேயிலை மெல்ல மெல்ல நிறம் விடும். போட்டவுடன் சிவப்பாக வழிந்தால் பையைத் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீரும் ஒரு விஷயம். மலைப்பக்கத்து ஊற்று நீரில் தேத்தண்ணி துலங்கும். மகியங்கனை, வெல்லவாயப் பக்கம் கிணற்றில் கேத்தலின் அடியில் வெள்ளை படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு தேத்தண்ணியையும் மங்க வைக்கும், மேலே ஒரு ஏடும் கட்டும். அந்தப் பக்கத்துச் சகோதரர்கள் வடிகட்டி சுத்திகரித்த தண்ணீரைப் பாவித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இனி வைத்திருக்கும் கணக்கு. வீட்டில், தேசிக்காய் சேர்க்காமல், கண்ணாடிப் போத்தலிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இறுக்கி மூடி, 5 பாகைக்குக் கீழே, இரண்டு நாள். மூன்றாம் நாள் ருசி போய்விடும், நான் அதைக் குடிப்பதில்லை. கருவாடும் வெங்காயமும் இருக்கும் பெட்டிக்குள் திறந்து வைத்தால் ஒரே இரவில் அந்த வாடையைத் தேயிலை பிடித்துக்கொள்ளும். புளி சேர்த்ததை அலுமினியப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். கடையில், அன்று காய்ச்சியதை அன்றே. மேசைக்கு வெளியே எடுத்தது நாலு மணித்தியாலம். பழையதற்கு மேல் புதியது ஊற்றுவது ஒருபோதும் இல்லை. இரவில் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிநீர் தாங்கும் பாத்திரமானால் கொதிநீர் ஊற்றி, கவிழ்த்துக் காய விட வேண்டும். என் கடையில் இப்போது குழாய்ப் பாத்திரமே இல்லை. ஒரு லீற்றர்ப் போத்தல்களாகப் பெட்டிக்குள் இருக்கும், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வெளியே வரும்.

ஐஸ் பற்றி நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சாகாது, தூங்கும், கிளாசுக்குள் விழுந்ததும் எழும்பும். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸை உடைத்துப் பானத்துக்குப் போடுகிற கடைகளை நான் கண்டிருக்கிறேன். கொதித்தாறிய தண்ணீரில் நீங்களே உறைய வையுங்கள், கையால் அள்ளாதீர்கள். தேத்தண்ணியையே ஐஸ் கட்டியாக உறைய வைத்துப் போடுவது இன்னும் நல்லது. உருக உருகக் கிளாசு வெளுக்காது, வாடிக்கையாளருக்கும் அது ஒரு புதினம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாடும் தெரியும். கதவைத் திறக்காமல் வைத்தால் பெட்டி நாலு மணித்தியாலம் குளிரைக் காக்கும். அதற்கு மேலே போனால், சீனி போட்ட தேத்தண்ணி எவ்வளவு இருந்தாலும் வீசிவிட வேண்டியதுதான்.

வீசச் சொன்னால் வியாபாரிக்கு வயிறு எரியும். எனக்கும் எரியும். அதனால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். லீற்றருக்கு 10 கிராம் என்றால் ஒரு கிலோ தேயிலையில் 100 லீற்றர். ஐஸ் போட்ட கிளாசுக்குள் 150 மில்லிலீற்றர்தான் போகும், ஆகவே 660 கிளாஸ். தேயிலை கிலோ 2000 ரூபா என்று வைத்துக்கொண்டால் கிளாசுக்கு விழுவது 3 ரூபா. 100 லீற்றருக்குச் சீனி 6 கிலோ. கிலோ 250 என்றால் 1500 ரூபா, கிளாசுக்கு இரண்டேகால். ஆக ஒரு லீற்றரின் தேயிலையும் சீனியும் 35 ரூபாதான். மாலையில் நாலு லீற்றர் மிஞ்சி வீசினால் போவது 140 ரூபா. நல்ல கடையில் ஒரு கிளாஸ் விற்கும் காசு அது. அந்த ஒரு கிளாஸ் காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் ஏழெட்டுக் குடும்பத்து வாடிக்கையை இழந்தேன். உண்மையான செலவு ஐஸ், காஸ், தேசிக்காய், கிளாஸ், வேலையாள், வாடகை ஆகியவற்றில் இருக்கிறது. மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் அங்கே தேடலாம், தேயிலையில் தேடாதீர்கள்.

போத்தலில் அடைத்துக் கடைகளுக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவித்த தண்ணீர்ப் போத்தலில் நிரப்பி, மூடியைத் திருகி, தட்டில் அடுக்குவது என்றால் தயவுசெய்து வேண்டாம். வெறும் தேத்தண்ணிக்குக் கிருமியைத் தடுக்கும் அளவுக்குப் புளிப்பு இல்லை. கம்பனிக்காரர்கள் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பை அளந்து, பெரும் சூட்டில் நிரப்பி அடைப்பதால்தான் அது மாதக்கணக்கில் நிற்கிறது. அந்த வேலைக்கு இயந்திரமும் பரிசோதனையும் வேண்டும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதித்துத் தருவார்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் நமது சின்னக் கடைக்கும் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வர முன் நீங்களே போய் அவரைச் சந்தித்துக் கேளுங்கள், அதில் கெளரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2016 ஆகஸ்டிலிருந்து போத்தல் பானங்களில் சீனி அளவுக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்பதும் சட்டம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, இடையில் மஞ்சள். நான் சொன்ன அளவில் 6 கிராம்தான் வரும். நீரிழிவு இல்லாத வீடு நம்மில் எத்தனை? சீனி போடாமல் ஒரு போத்தலைத் தனியாக வைத்தேன். இப்போது அதுதான் முதலில் முடிகிறது.

வெலிமடைச் சகோதரர் தொலைபேசியை வைக்க முன் இன்னொன்றும் கேட்டார். நோன்பு காலத்தில் பள்ளியில் இப்தாருக்கு நூறு பேருக்கு இதைக் கொடுக்க ஆசையாம். நூறு பேருக்கு 15 லீற்றர் போதும். தேயிலை 150 முதல் 180 கிராம், சீனி 900 கிராம், தேசிக்காய் இருபத்தைந்து, ஐஸ் பத்துக் கிலோ. சஹருக்குப் பிறகு காய்ச்சி வைத்துவிட்டுத் தூங்கப் போகவேண்டாம். கொதித்தாறிய தண்ணீரையும் ஐஸையும் மட்டும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தை அஸர் தொழுதுவிட்டு வந்து காய்ச்சினால், மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பக்குவமாக ஆறியிருக்கும்.